நேர்த்தியில்லாத தலைமயிர்

"உந்தச் சட்டையில என்ன எழுதியிருக்கு?"

சுகிர்தன் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். வவுனியாவில் படிப்பு முடித்து நான் சித்தி வீட்டோடு வந்து இருந்தேன். சித்தியின் மகள் யதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. விசுவமடுவில் சித்தி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு முடிந்திருந்தது. யோகலிங்கத்தின் ஒலிபெருக்கிச் சேவையிலிருந்து பெட்டிகள் இறக்க வந்த இருவரில் ஒருவர் அவர். முதுகின் பாதிவரை தலைமயிர். அதை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். மண்டையோடு போட்ட கறுப்பு ரீசேட். அன்று நானும் கறுப்பு ரீசேட்தான் போட்டிருந்தேன். கிளிநொச்சியில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கியது. நெஞ்சில் ஒரு மண்டையோடு, அதற்கு மேலே முள்ளுப்பற்றை மாதிரி ஏதோ ஓர் எழுத்து.

"தெரியாது," என்றேன்.

"வாசிச்சுப் பாரும்."

குனிந்து பார்த்தேன். எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்றே விளங்கவில்லை.

"வாசிக்கேலாமல் கிடக்கு."

"வவுனியாவில தமிழும் சிங்களமும் படிச்ச பிள்ளையெண்டு உம்மட சித்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா. ஏபிசிடி படிப்பிக்கேல்லையோ?"

"உது இங்கிலீசோ?"

"இங்கிலீசு எழுத்துத்தான். ஒரு மெற்றல் பாட்டுக் குழுவின்ர பேர். அவையின்ர பாட்டு ஒண்டு சொல்லும் பாப்பம்."

"நான் ஒண்டும் கேட்டதில்லை."

"பிறகேன் போட்டிருக்கிறீர்?"

"கறுப்பெண்டா ஊத்தை தெரியாது."

வயர் இழுத்துக்கொண்டிருந்த மற்றவர் சிரித்துவிட்டார். சுகிர்தன் சிரிக்கவில்லை.

"ஊத்தை தெரியாமல் இருக்கக் கறுப்பில வேறை சட்டை விக்கேல்லையோ? ஆரோ சீவன் போகக் கத்தினது, உமக்கு முற்றம் கூட்டுற உடுப்பாப் போச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது குறைவு. வந்தால் வார்த்தை சுருக்கமாக வரும்.

"சட்டை போடுறதுக்கு உங்களிட்டைச் சோதினை எழுதவேணுமோ?"

"எழுதினா நல்லது. கனபேர் பெயில்."

"நீங்கள் பாஸோ? மண்டையோட்டுச் சட்டையும் போட்டுக்கொண்டு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைச்சுத் தலையும் வளர்க்கிறீங்கள். அது எந்தப் பாட்டில வருது?"

அவர் கையிலிருந்த பெட்டியை நிலத்தில் வைத்தார்.

"நேர்த்தியெண்டு ஆர் சொன்னது?"

"ஊருக்கே தெரியும். உங்கட அம்மா சொன்னவா."

குனிந்து பெட்டியின் வயரை இழுத்துச் சுற்றினார். பிறகு என் முகத்தைப் பாராமல், "போய்ச் சட்டையை மாத்தும். இல்லாட்டி வீட்டை போய்ப் பாட்டைக் கேட்டுப்போட்டுப் போடும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

நான் மாற்றவில்லை. சேலை உடுக்கும் நேரம் வரும்வரை வேண்டுமென்றே அந்தச் சட்டையோடு அவருடைய பெட்டிகளுக்கு முன்னாலேயே திரிந்தேன்.

எங்கள் ஊரில் சுகிர்தனைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் ஏதாவது இருக்கும். வாள்வெட்டுக்காரன், தூள்காரன், பேய் கும்பிடுகிறவன், எந்தக் கிறிஸ்தவச் சபையிலோ இரகசியமாகச் சேர்ந்தவன். இவ்வளவையும் ஒரே மனிதர் செய்ய நாளில் நேரம் போதாது. ஆனால் ஊருக்கு அது கணக்கில்லை. சுகிர்தன் குடிப்பதில்லை, வெற்றிலைகூடப் போடுவதில்லை. காலையில் யோகலிங்கத்தின் கடைக்குப் போவார், கல்யாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் கோயிலுக்கும் பெட்டி கட்டுவார், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் காதில் வயரைக் கொழுவிக்கொண்டு மா மரத்தடியில் கதிரை போட்டுக் கண்ணை மூடுவார். அவருடைய மதம் முழுவதும் அவ்வளவுதான்.

அந்தப் பாட்டுகள் அவருக்கு வந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். யுத்தம் முடிந்து, செட்டிக்குளம் அகதி முகாமிலிருந்து திரும்பிச் சில வருடங்கள். புதுக்குடியிருப்பில் போனின் மெமரிக் கார்ட்டில் பாட்டுப் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கார்ட்டைக் கொடுத்துவிட்டு, "புதுப்படப் பாட்டு, இடம் இருக்குமட்டும் போடுங்கோ," என்றிருக்கிறார். கடைக்காரர் படப்பாட்டுகளைப் போட்டு, மிச்ச இடத்தைத் தன்னிடம் கிடந்த எதையோ கொண்டு நிரப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டால் ஒரே இரைச்சலும் உறுமலும். போனின் ஸ்பீக்கர் வெடித்துவிட்டதென்று நினைத்துக் கடைக்குத் திரும்பிப்போய்ச் சண்டை பிடித்தாராம். கடைக்காரர் வேறொரு போனில் போட்டுக் காட்டினார். அதிலும் அதே உறுமல். "தம்பி, இது பாட்டுத்தான். வெளிநாட்டான் இப்பிடித்தான் பாடுறான். அழிச்சுவிடட்டோ?" என்று கேட்டிருக்கிறார். வந்த கோபத்தில் சுகிர்தன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சண்டை பிடித்துவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாதென்பது ஒன்றுதான் காரணம். வரும் வழியில் பஸ்ஸில் திரும்பக் கேட்டார். பிறகு விடவில்லை.

இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவரைக் கண்ட படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. உளவளத்துணை என்று வந்த ஓர் அம்மா அவரை இருத்தி, "யுத்தத்தில் கேட்ட சத்தங்கள் இந்த இசையில் வருகின்றனவா?" என்று கேட்டிருக்கிறா. "ஷெல்லுக்குத் தாளம் இல்லை, அம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவரும் லேசான ஆள் இல்லை. படப்பாட்டுக் கேட்பவர்களைச் 'சீனிப்பாணி' என்பார். கடையில் சட்டையை வாங்கி, பாட்டைக் கேளாமல் போடுபவர்களுக்கு 'சட்டைக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். சந்தையில் முன்பின் தெரியாத பொடியனை மறித்து, சட்டையில் இருக்கும் குழுவின் பாட்டு ஒன்று சொல்லச் சொல்லி அவமானப்படுத்தியதை நானே கண்டிருக்கிறேன். ஊர் அவரைத் தலைமயிரைப் பார்த்து எடைபோட்டது. அவர் ஊரைப் போனில் என்ன பாட்டு ஓடுகிறது என்று பார்த்து எடைபோட்டார். இதில் எது நியாயம் என்று எனக்குத் தெரியாது. அவருடைய தராசில் அவரும் ஏறி நின்றார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதனால்தான் நேர்த்திக் கதை அவரை அரித்தது.

அந்தக் கதையைத் தொடங்கியவர் அவருடைய தாய் விமலேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணிக்கு வந்த குடும்பம். புருசன் இல்லை, ஒரே மகன். மகனின் தலைமயிர் கழுத்தைத் தாண்டிய நேரம் பார்த்து, எங்கோ வாள்வெட்டு நடந்து, தலை வளர்த்த பொடியன்களை எல்லோரும் முறைத்துப் பார்த்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் யாரோ ஒரு பெண், "உங்கட மகனும் அந்தக் கூட்டமோ?" என்று கேட்க, விமலேஸ்வரி ஒரு மூச்சும் விடாமல், "இல்லைப் பிள்ளை, போன மாரி டெங்குக் காய்ச்சலில கிடந்தவனெல்லோ, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி," என்று சொல்லிவிட்டா.

டெங்கு உண்மை. நேர்த்தி பொய்.

அந்தப் பொய் நன்றாக வேலை செய்தது. வன்னியில் நேர்த்திக்குத் தலை வளர்ப்பவனை யாரும் தொடமாட்டார்கள். மறித்துக் கேட்டவர்கள் விலகி நின்றார்கள். சலூன்காரர் கேலி செய்வதை நிறுத்தினார். அன்னதானத்தில் அவருக்கு முதல் பந்தி. மண்டையோட்டுச் சட்டையைக்கூட, "பாவம், நேர்த்திக்காரப் பொடியன், ஏதோ கிடைச்சதைப் போடுறான்," என்று மன்னித்தார்கள். எங்கள் ஊருக்கு மன்னிப்பது பிடிக்கும், மன்னிக்கப்படுகிறவன் தங்கள் ஆள் என்று நினைக்கும்வரை.

சுகிர்தன் தாயோடு சண்டை பிடித்தார். சித்தி வீட்டு வேலி வரை கேட்டது.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"ஆரைக் கேக்கவேணும்? உன்னை அடிச்சுப் போட்டாங்களெண்டா நான் ஆரட்டைப் போறது?"

"நான் பொய்க்காரனாத் திரியிறன் அம்மா."

"உயிரோட திரியிறாய். காணும்."

தாயை ஊருக்கு முன்னால் பொய்யாக்க அவரால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டார். முதல் பந்தியில் இருக்கச் சொன்னால் பெட்டி பார்க்கவேணும் என்று எழுந்து போய்விடுவார்.

அவரோடு எனக்குப் பழக்கம் வந்தது சிங்களத்தால். கொழும்பில் மெற்றல் கேட்பவர்களின் பேஸ்புக் குழு ஒன்றில் இரணைமடு அணைக்கட்டில் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தார். கீழே சிங்களத்தில் நிறைய எழுதியிருந்தார்கள். சித்தி வீட்டுப் படலை வாசலுக்கு வந்து, சட்டைச் சண்டை நடக்காத மாதிரி, போனை நீட்டினார்.

"வாசிச்சுச் சொல்லும். அழகுபடுத்தாமல் சொல்லும்."

சொன்னேன். ஒருவன், இவனுடைய கிற்றார் பங்கருக்குள் இருக்கிறதா என்று கேட்டிருந்தான். இன்னொருவன், கிளிநொச்சிக்காரனுக்குக் கறுப்பு எதற்கு, புலியின் வரிச்சட்டை இல்லையா என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் அவர்களைத் திட்டியிருந்தார்கள்; "யுத்தத்தின் வலியைச் சுமக்கும் சகோதரனே, உன் கண்ணீர்தான் உண்மையான மெற்றல்," என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். முதல் இரண்டையும் கேட்டுத் தலையாட்டியவர், இதைக் கேட்டதும் முகத்தைச் சுழித்தார்.

"ஆர் அழுதது? நான் அந்தப் படத்தில சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்."

"என்ன பதில் போட?"

"படத்தில நான் போட்டிருக்கிற சட்டைக் குழுவின்ர ரண்டாவது இசைத்தட்டில எது நல்ல பாட்டெண்டு கேளும். பதில் சொல்லத் தெரியாட்டி வலியைப் பற்றிக் கதைக்கவேண்டாமெண்டு எழுதும்."

எழுதினேன். பதில் வரவில்லை. அதற்குப் பிறகும் படலைக்கு வருவார், நான் வாசித்துச் சொல்வேன். கெட்ட வார்த்தையை நான் விழுங்கினால் அவருக்குத் தெரிந்துவிடும். "இடையில ஒண்டை விட்டிட்டீர்," என்பார்.

ஊரில் அவரோடு சேர்ந்து பாட்டுக் கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார். தருமபுரத்து ரூபன். ரூபனின் தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர். ரூபன் கிணறு வெட்டப் போவார், மணல் லொறியில் போவார், கிடைத்த வேலைக்குப் போவார். அவருக்கு இந்தப் பாட்டுகளைக் கொடுத்ததே சுகிர்தன்தான்; அதோடு அவரும் தலை வளர்த்தார். ஆனால் ஊரில் கதை மறுபக்கமாக ஓடியது. விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துக்கும் கோயிலுக்கும் தலைவராக இருக்கும் சிற்றம்பலம், "தோட்டக்காட்டானோட சேர்ந்துதான் நல்ல வீட்டுப் பொடியன் கெட்டது," என்று பகிரங்கமாகச் சொல்வார். ரூபனுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார். ரூபன் அவர் வீட்டுக் கிணற்றைத் தூர்வாரிக்கொண்டிருந்த நேரம் அது.

போன வருடம் சிறுபோகத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டிலிருந்து யானைகள் இறங்கின. கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்து நெல்லைத் தின்றது பாதி, மிதித்தது பாதி. சிற்றம்பலத்தின் வயலும் போனது. அன்றிலிருந்து அவருக்குச் சுகிர்தனின் தலைமயிர் ஞாபகம் வரத் தொடங்கியது. வளர்த்து வற்றாப்பளையில் எத்தனை வைகாசிப் பொங்கல் போய்விட்டது, இன்னும் மொட்டை அடித்து இறக்கவில்லை, அம்மனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காத வீடு ஊருக்கு நடுவில் இருந்தால் ஊர் எப்படி உருப்படும் என்று சங்கக் கூட்டத்தில் பேசினார். மின்வேலி கேட்டு மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு எழுதுவதற்கென்று கூட்டிய கூட்டம் அது. மின்வேலியை மறந்துவிட்டுத் தலைமயிரைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

இந்த வருடம் வைகாசிப் பொங்கலுக்கு முதல் கிழமை, சிற்றம்பலமும் இன்னும் நாலைந்து பேரும் விமலேஸ்வரி வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கே அரிசியை மாவாகத் திரிக்கக் கொடுக்கப் போயிருந்தேன். சுகிர்தன் மா மரத்தடியில் கதிரையில் இருந்தார்.

"தம்பி, திங்கட்கிழமை ஊர் பஸ் வற்றாப்பளைக்குப் போகுது. நீரும் வாறீர். சலூன்காரரையும் கூட்டிக்கொண்டு போறம். செலவு கோயிலின்ர."

சுகிர்தன் காதிலிருந்த வயரை மெதுவாகக் கழற்றினார். "என்ன செலவு?"

"தலை இறக்கிற செலவு. என்ன தெரியாத மாதிரி."

"என்ர தலையைப் பற்றி நீங்கள் ஏன் ஐயா யோசிக்கிறீங்கள்?"

"நேர்த்தி வைக்கேக்கை உன்ர தலை. வைச்சாப்பிறகு அது அம்மனின்ர," என்றார் சிற்றம்பலம். 'நீர்' 'உன்'னாகிவிட்டிருந்தது. "யானை உன்ர பாட்டைக் கேட்டுத்தான் வருகுதெண்டு சனம் கதைக்குது. நான்தான் இல்லையெண்டு சொல்லி அடக்கி வைச்சிருக்கிறன்."

"யானைக்கு என்ர பாட்டுப் பிடிக்குமெண்டா உங்கட சனத்தைவிட அதுக்கு ரசனை கூட."

கூட வந்தவர்களில் ஒருவர் கை ஓங்கினார். விமலேஸ்வரி குசினியிலிருந்து ஓடிவந்து நடுவில் நின்றா. "வருவான் ஐயா. நான் கூட்டிக்கொண்டு வாறன். பொடியன் பகிடிக்குச் சொல்லுறான்."

அவர்கள் போனபிறகு நான் அவரிடம் கேட்டேன். "வெட்டினா என்ன அண்ணா? மயிர்தானே. திரும்ப வளரும்."

"வளர்த்ததில பொய் இல்லை," என்றார். "அங்கை கொண்டுபோய் வெட்டினாத்தான் பொய்யாப் போகும். வளர்த்த அவ்வளவும் பொய்யாப் போகும்."

திங்கட்கிழமை காலை சந்தியில் பஸ் நின்றது. பாற்செம்புகளோடு பெண்கள் ஏறிவிட்டார்கள். விமலேஸ்வரி முன் இருக்கையில், மடியில் செம்போடு. சலூன்காரர் தன் பையோடு. சுகிர்தன் ஒளிக்கவில்லை. சைக்கிளில் வந்து பஸ்ஸுக்கு முன்னால் இறங்கி நின்றார். தலைமயிரை அவிழ்த்து விட்டிருந்தார். கறுப்புச் சட்டை.

"ஏறு," என்றார் சிற்றம்பலம்.

"நான் வரேல்லை."

"ஏன்?"

சுகிர்தன் கண்ணாடிக்குள்ளால் தாயைப் பார்த்தார். அந்த இடத்தில் நேர்த்தி இல்லை என்று சொல்லியிருந்தால், பால் செம்போடு இருந்த அந்த மனுசியை அத்தனை பெண்களும் அந்த நிமிசமே பஸ்ஸிலிருந்து இறக்கியிருப்பார்கள்.

"வரேல்லை. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். யாரோ பின்னாலிருந்து செருப்பை எறிந்தார்கள். அது அவருடைய முதுகில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் அரோகரா சொல்லிக்கொண்டு புறப்பட்டது.

அன்று வற்றாப்பளையில் மொட்டை அடித்தவர் ரூபன். ஊர் பஸ்ஸில் இல்லை. தனியாகத் தன் மோட்டார்சைக்கிளில் போய் அடித்துக்கொண்டு வந்தார். போனிலிருந்த பாட்டுகளையும் அழித்துவிட்டார். அதைக் கேட்டு சுகிர்தன், "அவனும் சட்டைக்காரன்தான்," என்றார். அதற்குப் பிறகு ரூபனோடு கதைக்கவில்லை. இது எனக்கு இன்றுவரை பிடிக்காத விசயம். சுகிர்தன் பஸ்ஸுக்கு முன்னால் நின்று மாட்டேன் என்று சொன்னால் செருப்பு வரும். ரூபன் சொல்லியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. அம்மனுக்கு நேர்த்தி இருக்கிறது என்று ரூபனுக்காகப் பொய் சொல்ல ஊரில் யாரும் இருக்கவுமில்லை.

பொங்கல் முடிந்த கையோடு பொலிசுக்கு முறைப்பாடு போனது. போதைப்பொருள் பாவிக்கிறான், பேய் வழிபாடு செய்கிறான், கோயில் ஒலிபெருக்கியில் சாத்தான் பாட்டுக் கலந்து போட்டான், இளைஞர்களைக் கெடுக்கிறான். ஊர் மக்கள் என்று கையெழுத்து. சாட்சிக்கு அவருடைய பேஸ்புக் படங்கள். யோகலிங்கத்துக்கும் ஓர் அழைப்பு வந்தது. அவர் அதே மாலை சுகிர்தனைக் கூப்பிட்டு, "முறைப்பாடு இல்லாமல் போனா நீ வா. போகாட்டி வராதை. எனக்குக் கோயில் வேலை இல்லாமல் தொழில் இல்லைத் தம்பி," என்று சொல்லிவிட்டார்.

விசாரிக்க வேண்டிய சார்ஜனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். விளங்கப்படுத்த ஓர் ஆளைக் கூட்டிவரலாம் என்றார்கள். சுகிர்தன் என்னைக் கேட்டார். சித்தி போகவேண்டாம் என்றா. நான் போனேன்.

சார்ஜன் வயதானவர், மரியாதையான மனிதர். வீட்டையும் பையையும் முதலிலேயே பார்த்திருந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. படங்களைப் புரட்டிப் பார்த்து, "என் மகனும் இந்த மாதிரிச் சட்டைதான் போடுகிறான். எனக்கும் விளங்குவதில்லை," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு தலைமயிரைக் காட்டிக் கேட்டார். "தாய் வாசலில் வைத்துச் சொன்னார், இது பத்தினித் தெய்வத்துக்கு நேர்த்தி என்று. உண்மையா? உண்மையென்றால் நான் அதை எழுதிவிட்டு இப்பவே முடித்துவிடுவேன். பத்தினித் தெய்வத்துக்கு நேர்த்தி வைத்தவனைப் பேய் கும்பிடுகிறவன் என்று சொன்னால், சொன்னவர்களைத்தான் நான் கூப்பிடவேண்டும்."

எங்கள் கண்ணகி அம்மன்தான் அவர்களுக்குப் பத்தினித் தெய்வம். நான் அதைத் தமிழில் சொன்னேன். சுவரோர மர வாங்கில் இருந்த விமலேஸ்வரியின் முகம் மலர்ந்தது. ஒரு 'ஓம்' போதும். முறைப்பாடு போய்விடும், வேலை திரும்பி வரும், சிற்றம்பலம் பதில் சொல்ல வேண்டிவரும். அடுத்த வைகாசிவரை ஊர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

சுகிர்தன் சொன்னார்: "எனக்கு நேர்த்தி இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. இந்தப் பாட்டுக் கேக்கிற ஆக்கள் தலை வளர்ப்பினம். அதுக்கு வளர்த்தது. நேர்த்தியெண்டு அம்மாட்டைச் சொன்னது நான். அவா நம்பினவா. நம்பித்தான் சனத்துக்குச் சொன்னவா. அவாவில பிழை இல்லை."

சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன் பேனையை எடுத்தார். விமலேஸ்வரி எழுந்துவிட்டா.

"பொய் சொல்லுறான்! நான்தான் சொன்னனான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. சங்கக்கடையில வைச்சு என்ர வாயால சொன்னது. பிள்ளை, அவருக்குச் சொல்லு. சொல்லு பிள்ளை!"

சார்ஜன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"மகனை நினைத்துப் பயப்படுகிறார்," என்றேன்.

அவர் எழுதி முடித்தார். மற்றக் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை, மேலே ஒன்றும் இல்லை, போகலாம் என்றார். போகும்போது மட்டும், தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தாயை ஏமாற்றிய பிள்ளையைத் தான் இதுவரை கண்டதில்லை என்றார். அதையும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். சுகிர்தன் தலையாட்டினார்.

நாங்கள் வீடு வந்து சேர முதல் கதை ஊருக்கு வந்துவிட்டது. பேய் கும்பிடுகிறவன் என்பது பழைய பேராகிப்போனது. இப்போது அவர் அம்மனுக்கே பொய் சொன்னவன், பெற்ற தாயையே ஏய்த்தவன். யோகலிங்கம் கூப்பிடவில்லை. சலூனில் வெட்டி விழுந்த மயிரையெல்லாம் ஒரு பையில் கட்டி யாரோ அவர்களுடைய படலையில் தொங்கவிட்டிருந்தார்கள். சுகிர்தன் அதை எடுத்து வாழைக்கு அடியில் கிடங்கு வெட்டித் தாட்டார். விமலேஸ்வரி கிணற்றடியிலும் சங்கக்கடையிலும் கோயில் வாசலிலும் நின்று, "நான்தான் சொன்னனான், அவன் சொல்லேல்லை," என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தா. ஒருவரும் நம்பவில்லை. "பெத்த வயிறு, அப்பிடித்தான் சொல்லுவா," என்றார்கள். அவாவுக்குப் பாவம் பார்த்தார்கள். அடுத்த பொங்கலுக்குப் பாற்செம்பு எடுக்க முதலாவதாக அவாவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். மகன் செய்ததற்குத் தாய் என்ன செய்வா என்று சிற்றம்பலமே சொன்னாராம்.

அவா மகனோடு கதைப்பதில்லை. சோறு போட்டு மூடி வைப்பா, அவ்வளவுதான். சுகிர்தன் இப்போது பரந்தன் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். மெசின் இரைச்சலில் காதுக்கு வயர் தேவையில்லை என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தலைமயிர் இன்னும் இருக்கிறது. ஆலையில் மெசினில் சிக்காமல் இருக்கக் கொண்டை போட்டுத் துணியால் கட்டுகிறார். அங்கும் யாரோ, நேர்த்தியா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அங்கும் அவரோடு சேர்ந்து சாப்பிட யாரும் வருவதில்லையாம்.

அவர் தாய்க்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான் ஒருபோதும் அவரிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அன்று காலை பொலிஸ் நிலையத்துக்கு வெளியே, விமலேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டா. சுகிர்தன் வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்:

"அம்மாக்கு அம்மன் வேணும். எனக்கு வேண்டாம். அதால உள்ளை நான் ஒரு பொய் சொல்லப்போறன். மற்றதுகள் மாதிரியே அதையும் அழகுபடுத்தாமல் சொல்லும். அம்மா குறுக்கை விழுந்து உண்மையைச் சொல்லுவா. அதை மட்டும் சிங்களத்துக்குக் கொண்டுபோகாதையும்."